மணலாறும் வெள்ள வரைபடமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும் ஆறுகளுக்கு, நீரோட்டத்தை அளந்த பதிவே இல்லாதபோது, வெள்ள அபாய வரைபடத்தை எதை வைத்து வரைகிறார்கள்? – விருதுநகர் வாசகர்

பதில்: ஆண்டுதோறும் ஓடிய உச்ச வெள்ளத்தின் அளவு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்காவது கையில் இருந்தால், மிக அரிதாக வரும் பெருவெள்ளம் எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு கணக்கிடலாம். வறண்ட நாட்டுக் காட்டாறுகளில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அளவுகோல் நட்டிருந்தாலும், பெருவெள்ளம் வரும் அன்றே அதுவும் அடித்துக்கொண்டு போய்விடக்கூடும். எந்த எண் நமக்கு மிகவும் வேண்டுமோ அதுவே பதிவாகாமல் போகிறது.

ஆகவே வெள்ளம் வடிந்த பிறகு தடயம் தேடுகிறார்கள். சுவரில் படிந்த சேற்றுக்கோடு, கரையோர முள்மரக் கிளைகளில் சிக்கிய சருகு, ஊர்ப் பெரியவர்கள் "இதுவரை ஏறியது" என்று காட்டும் வாசற்படி ஆகியவற்றின் உயரத்தை அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் படுகையின் சொரசொரப்பையும் சேர்த்து, இவற்றிலிருந்து நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்க உதவும் மேனிங் சமன்பாட்டின் வழியே ஓடிய நீரின் அளவைக் கணிக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மணற்படுகை வெள்ளத்தின்போது ஆழமாக அரிக்கப்பட்டு, நீர் வடிகையில் மறுபடி நிரம்பிவிடுவதால், நாம் பிறகு அளக்கும் படுகை வெள்ளம் ஓடிய படுகையைவிட மேடாக இருக்கலாம். சொரசொரப்பும் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்த மதிப்பீடுதான். எனவே விடையை ஒற்றை எண்ணாகச் சொல்பவரைவிட, "இதற்கும் இதற்கும் இடையில்" என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

மலையிடுக்குகளில் ஓடும் காட்டாறுகள் இன்னொரு பதிவையும் விட்டுச்செல்கின்றன. பாறைப் பொந்துகளில் ஒதுங்கிய வண்டல் அடுக்குகளின் வயதைக் கணித்து, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஏறத்தாழ 2,000 ஆண்டு வெள்ள வரலாற்றையே திரட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு? – கோவை வாசகி

பதில்: அவை இல்லாமல் இன்று வேலை நடக்காது, அவை மட்டும் இருந்தாலும் நடக்காது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் எடுத்த உயர அளவீடு ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் உயரப் பிழை சில மீட்டர் வரை போகலாம். சமவெளியிலோ அரை மீட்டர் மேடு பள்ளமே எந்தத் தெரு மூழ்கும் என்பதைத் தீர்மானித்துவிடும். 2014 முதல் சுற்றிவரும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-1இன் ரேடார் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் என்றாலும், வழவழப்பான காய்ந்த மணல் அதன் படத்தில் தண்ணீரைப் போலவே கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாவிட்டால் பாலைவனமே ஏரியாகிவிடும். மேலும், செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மீண்டும் வரச் சில நாட்கள் ஆகும். காட்டாற்று வெள்ளமோ சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

கேள்வி: பாலைவனத்தில் பெய்யும் மழையை மணலே குடித்துவிடாதா? – மதுரை வாசகர்

பதில்: ஓரளவு குடிக்கும், அதனால்தான் மேலே ஓடிய வெள்ளம் கீழே வருமுன் சுருங்குகிறது. ஆனால் அடைமழை மண் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சிவிட்டால் மிச்சம் அத்தனையும் ஓடத்தான் செய்யும். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், ஓராண்டுச் சராசரியை மிஞ்சும் மழை சில நாட்களிலேயே கொட்டியது. கவாஸ் கிராமத்தில் மணலுக்கு அடியிலிருந்த ஜிப்சம் அடுக்கு நீரைக் கீழே இறங்கவிடாததால் வெள்ளம் வாரக்கணக்கில் வடியவில்லை.

கேள்வி: 2023இல் லிபியாவின் டெர்னா நகரம் அழிந்ததற்குத் தரவு இல்லாததுதான் காரணமா? – திருச்சி வாசகர்

பதில்: அப்படிச் சொல்வது பொறுப்பாளிகளை எளிதில் தப்பவிடுவதாகும். அந்த செப்டம்பரில் டானியல் புயல் அல்-பைதா நகரில் மட்டும் 24 மணி நேரத்தில் 414 மி.மீ. மழையைக் கொட்டியது உண்மை. 11ஆம் தேதி அதிகாலையில், 1970களில் கட்டப்பட்ட அபு மன்சூர், அல்-பிலாத் அணைகள் இரண்டும் உடைந்து பல ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆனால் அந்த அணைகள் மறித்திருந்த, நகரின் ஊடே ஓடும் காட்டாறு 1959இலும் 1986இலும் கரைபுரண்டது ஊரறிந்த செய்தி. ஒமர் அல்-முக்தார் பல்கலைக்கழக நீரியலாளர் அப்துல்வனீஸ் அஷூர், அணைகளை உடனடியாகப் பராமரிக்காவிட்டால் நகரத்துக்குப் பேராபத்து என்று 2022இலேயே ஆய்விதழில் எழுதினார். எச்சரிப்பதற்கு அந்தக் குறைந்த தரவே போதுமானதாக இருந்தது.

ஆற்றோரத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருந்தன. புயலன்று சில அதிகாரிகள் வெளியேறச் சொன்னார்கள். சிலர் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். கரையோரக் கட்டடங்கள் அடியோடு பெயர்ந்த இடத்தில் மேல்மாடி யாரையும் காப்பாற்றாது. வெள்ளத்தின் ஆழத்தை இரண்டு மீட்டர் தவறாகக் காட்டும் வரைபடம்கூட, எந்தத் தெருக்காரர்கள் இரவு விழுமுன் குன்றுப் பக்கம் போய்விட வேண்டும் என்பதைச் சரியாகவே காட்டியிருக்கும்.