ஒரு வாய் காபிக்கு ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்களா? மயக்க மருத்துவர் பதில்கள்

இருபத்திரண்டு வருடமாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டேன். உங்கள் உடம்பைப் பொறுத்தவரை, உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், காலை எட்டு மணிக்கு. ஐந்து மணிக்கு அரை டம்ளர் காபி குடித்துவிட்டார். அதற்காக மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அது அவ்வளவு பெரிய குற்றமா டாக்டர்? (கரூரிலிருந்து ஒரு மகன்)

குற்றமில்லை, ஆனால் தள்ளிவைத்தது சரி. விழித்திருக்கும்போது ஒரு பருக்கை தவறான வழியில் போனாலே புரையேறி, இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் இருக்காது. வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிறகு வெண்டிலேட்டர், ஐசியு என்று போய்விடும்.

பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் பால் கலந்த காபி எங்கள் கணக்கில் சாப்பாடுதான். பாலுக்கும் இட்லி மாதிரி லேசான உணவுக்கும் 6 மணி நேரம், பூரி, பிரியாணி என்றால் 8, கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் 4. வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். நம் ஊரில் இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது: மதியம் ஆபரேஷன் என்றால்கூட முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் காட்டாமல், பாட்டியை நாக்கு வறளப் போட்டுவிடுகிறார்கள். எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்பார்கள். காபி, டீயெல்லாம் நம்மவர்களுக்குச் சாப்பாட்டில் சேர்த்தியில்லை. அதனால் நான் காபி, டீ, பால், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் கேட்பது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். நாலு வருடமாகியும் இடுப்பு வலி போகவில்லை. அந்த ஊசிதானே காரணம்? (மதுரை வாசகி)

இந்தக் கேள்வி மட்டும் பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஊசி குத்திய இடம் இரண்டு மூன்று நாள் தொட்டால் வலிக்கும், அது உண்மை. வருடக்கணக்கான வலியை அந்த ஊசியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்கின்றன, வயிறு முன்னால் தள்ளி முதுகை இழுக்கிறது, அப்புறம் இரவு பகலாகக் குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, குழந்தையை ஒரே இடுப்பில் சுமப்பது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகின் கீழ்ப்பகுதி தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். நாங்கள் குத்துவது அதற்கும் கீழே. வலி இத்தனை வருடம் இருக்கிறதென்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். 'ஊசியால் வந்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

அந்த ஊசியால் நிஜமாகவே வரக்கூடியது தலைவலி. ஓரிரு நாளில் தொடங்கும். உட்கார்ந்தால், நின்றால் மண்டை பிளக்கும், படுத்தால் குறைந்துவிடும். ஊசி போன துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது இது. 1898இல் ஜெர்மனியில் இந்த முறையைக் கொண்டுவந்த அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கே இது வந்தது. அவரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுச் சோதித்தார்கள். உதவியாளரின் கால் மரத்ததா என்று பார்க்கச் சுத்தியலால் அடித்தார், எரியும் சுருட்டால் சுட்டார். மறுநாளிலிருந்து பியர் ஒன்பது நாள் படுக்கையில். இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை, அதனால் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தாலும் மாத்திரை, தண்ணீர், காபி என்று பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும். ஆமாம், முதல் கேள்வியில் தடுத்த அதே காபி! அடங்காவிட்டால் உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, முதுகில் துளைக்குப் பக்கத்தில் செலுத்தி அடைப்போம்.

ஊசி போட்டதும் மயக்க டாக்டர் கிளம்பிவிடுவாராமே? அதற்கு ஏன் தனி ஃபீஸ்?

கிளம்பினால் உங்களை யார் எழுப்புவது? கை நரம்பில் போடும் பால்போன்ற வெள்ளை மருந்து, புரோபோஃபால், சில நிமிடம்தான் தாங்கும். அதற்குப் பிறகு வாயு, வலி மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து. தசை தளர்ந்தால் மூச்சுவிடும் தசையும் சேர்ந்துதான் தளரும், அதனால் உங்களுக்காக மூச்சு கொடுப்பது எங்கள் வேலை. இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, ரத்த இழப்பு எல்லாவற்றையும் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

நடுவில் விழிப்பு வந்துவிட்டால்?

மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தார். முதுகு ஊசியில் விழித்திருப்பது சகஜம், பேச்சும் காதில் விழும். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் தினமும் குடிப்பவன். வீட்டில் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டுமா?

என்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், பிதற்றல், வலிப்புவரை போகும். ஆபரேஷன் முடிந்த வார்டில் அது வந்தால், காரணம் தெரியாமல் எல்லோரும் திண்டாடுவோம்.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன மறுநாள் ராத்திரி அப்பா (78) இறந்துபோன அம்மாவைக் கூப்பிடுகிறார், டியூபைப் பிடுங்குகிறார். மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டதா?

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தற்காலிகக் குழப்பமாக இருக்கலாம். மயக்க மருந்து மட்டும் காரணமில்லை: வலி, தூக்கமின்மை, நீர் வற்றுவது, சிறுநீர் அடைப்பு, கிருமித்தொற்று, சோடியம் குறைவது எதுவும் கிளப்பிவிடும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து உட்கார வையுங்கள். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கையைக் கட்டிப்போட்டால் முரண்டு அதிகமாகும்.

வலி மாத்திரை சாப்பிட்டால் புண் ஆற லேட்டாகுமாமே? பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கடிக்காதீர்கள். வயிற்றில் தையலோடு வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல், இருமாமல், நடக்காமல் கிடந்தால்தான் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும். எழுதிக்கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு எழுந்து நடங்கள்.

அடுத்த வாரம் சிசேரியன். வளைகாப்பு மருதாணி கை நிறைய இருக்கிறது. அழிக்க வேண்டுமா?

சாதாரண மருதாணிச் சிவப்பு பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. கறுப்பு மெகந்தியும் அடர்நிற நெயில் பாலிஷும்தான் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பைக் குழப்பலாம். பாலிஷை மட்டும் அழித்துவிடுங்கள். கிளிப் கையில் சரியாகக் காட்டாவிட்டால் காது மடலில் மாட்டிக்கொள்கிறேன், தோட்டை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.