குடத்தில் மூன்று பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கடலூர் வட்டாரத்துக் கோயில் சிலைகள், பழைய வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் எக்செல்லில் பட்டியல் போடுகிறோம். சிடாக் சி.ஆர்.எம். (CIDOC CRM) என்ற ஆன்டாலஜிக்கு, அதாவது பொருள்களைப் பற்றிய தகவலை எப்படிப் பிரித்து எப்படித் தொடர்புபடுத்தி எழுதுவது என்ற பொது வரையறைக்கு, மாற்றினால்தான் அருங்காட்சியகங்களோடு பகிர முடியும் என்கிறார்கள். அது எங்களுக்குத் தேவையா? எந்த மென்பொருள் நல்லது?

ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள தம்பி,

மென்பொருளுக்கு நான் ஆள் இல்லை. நீங்கள் அனுப்பிய மாதிரித் தாளில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக மூன்று பெயர் வெட்டியிருக்கும். முதலில் ஆயா பெயர், சீராக வந்தபோது வெட்டியது. அடுத்து அத்தை பெயர். அத்தை வீடு நொடித்துக் குடம் திரும்பி வந்ததும் அம்மா பெயர். பழைய பெயரை யாரும் அடிக்கவில்லை. உங்கள் கட்டத்தில் எதைப் போடுவீர்கள்? அம்மா பெயரைப் போட்டால் மற்ற இருவரும் போயே போய்விட்டார்கள்.

2006-இல் ஐ.எஸ்.ஓ. 21127 என்று தரநிலையான அந்த ஆன்டாலஜி பொருளைவிட நிகழ்வைத்தான் முக்கியமாகப் பிடித்துக்கொள்கிறது. செய்தது ஒரு நிகழ்வு, கைமாறியது ஒரு நிகழ்வு. யார், யாருக்கு, எப்போது, எங்கே. அதாவது, பெயர் வெட்டுகிறவர் செய்த வேலை.

கோயிலிலிருந்து திருடுபோன நம் விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரர் சிலையையே பாருங்கள். 1970-இல் டெல்லியில் விற்றதாக ஒரு ரசீது. 1974-இல் அதே சிலை கோயிலில் இருப்பதாகப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படம். விற்றுப்போன சிலை நான்கு வருடம் கழித்துக் கோயிலில் எப்படி நிற்கும்? 2004-இல் சிட்னி கலைக்கூடம் வாங்கிய சிலை 2014-இல் திரும்பி வந்தது. தேதியும் இடமும் இல்லாமல் 'உரிமையாளர்: கலைக்கூடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பொய் வெளியே வந்திருக்குமா?

அப்புறம், தாள் முழுக்க 'சுமார் 1000 ஆண்டுப் பழமை' என்று அடித்து வைத்திருக்கிறீர்களே, யார் சொன்னது? கல்வெட்டா, குருக்களா, டீக்கடையா? சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் இல்லாமல் வயது எழுதுவது சோம்பேறித்தனம். அதை எழுதவும் அந்தத் தரநிலையில் இடம் இருக்கிறது. தமிழர் பெருமையை உலகுக்குக் காட்டுவதெல்லாம் இருக்கட்டும், முதலில் இதைச் சரி செய்யுங்கள்.

எக்செல்லே இப்போதைக்குப் போதும். கைமாறியதற்குத் தனித் தாள் போடுங்கள், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரி.

குடம் இப்போது தங்கை வீட்டில். பெயர் வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம், மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு முறை புளி போட்டுத் தேய்த்ததில் பாதி அழிந்துவிட்டது.