வாசகர் கேள்விகள்: பாலஸ்தீனச் சோதனைச் சாவடிகளும் அனுமதிச்சீட்டுகளும்

கேள்வி: இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் உள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் சோதனைச் சாவடிகளில் இஸ்ரேலியப் பெண்களே தன்னார்வலர்களாக நின்று கண்காணிக்கிறார்கள் என்று படித்தேன். கையில் எந்த அதிகாரமும் இல்லாமல் அங்கே நின்று பார்ப்பதால் என்ன பயன்?

பதில்: நீங்கள் படித்தது ‘மக்சோம் வாட்ச்’ அமைப்பைப் பற்றியதாக இருக்கும். இரண்டாம் இன்டிஃபாடா எனும் பாலஸ்தீனர் எழுச்சி மூண்டு சில மாதங்களே ஆகியிருந்த 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெருசலேமைச் சேர்ந்த மூன்று பெண்கள் இதைத் தொடங்கினார்கள். பின்னர் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்ற, பேரன் பேத்தி எடுத்த பெண்கள். இஸ்ரேலியக் குடிமக்கள் என்பதாலும் படைவீரரின் மொழியிலேயே பேசக்கூடியவர்கள் என்பதாலும் அவர்களை எளிதில் விரட்டிவிட முடியாது. அதிகாரம் இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

ஜெருசலேமுக்கும் ரமல்லாவுக்கும் இடையிலுள்ள கலந்தியா சாவடியில் அவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். 2019-ஆம் ஆண்டு சீரமைப்புக்கு முன்பு, அங்கே விடியலுக்கு முன்பே கூடும் தொழிலாளர்கள் கம்பிக் கூண்டு போன்ற குறுகிய பாதைகளில் நெருக்கியடித்து நின்று, சுழல் கதவு வழியாகச் சிலர் சிலராக உள்ளே விடப்படுவார்கள். எத்தனை சோதனைத் தடங்கள் திறந்திருந்தன, சுழல் கதவு எவ்வளவு நேரம் பூட்டிக் கிடந்தது என்பதையெல்லாம் பெண்கள் குறித்துக்கொள்வார்கள். சில நாட்களில் தாங்களே வரிசையின் கடைசியில் நின்று, மறுபுறம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கெடுப்பார்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் எனத் தனியாக ஒரு வாயில் இருந்தது. அதைத் திறக்க யாரும் வராதபோது, இராணுவ அலுவலகத்தைத் தொலைபேசியில் விடாமல் அழைத்துக்கொண்டிருப்பதும் அவர்கள் வேலையாயிற்று. ஒவ்வொரு முறையும் கண்டதை அறிக்கையாக எழுதிப் பொதுவில் வெளியிட்டதால், பெரிய வன்முறை எதுவும் நிகழாத, ஆகவே செய்தியாகாத ஆயிரக்கணக்கான காலைப்பொழுதுகள் இன்று ஆவணமாக இருக்கின்றன. பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

கேள்வி: இப்போது மின்னணு வாயில்களும் முக அடையாளக் கருவிகளும் வந்து வரிசை சுருங்கிவிட்டதாகச் சொல்கிறார்களே, சிக்கல் தீர்ந்துவிட்டது எனலாமா?

பதில்: கலந்தியாவில் வரிசை சுருங்கியது உண்மை. ஆனால் வாயிலுக்கு வந்து சேரும் தகுதி யாருக்கு உண்டு என்பதை வாயில் தீர்மானிப்பதில்லை. 1972 முதல் பாலஸ்தீனர்கள் பெரும்பாலும் பொது அனுமதி ஒன்றின் கீழ் இஸ்ரேலுக்குள் சென்றுவர முடிந்தது. 1991-இல் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டு, ஆளுக்கொரு அனுமதிச்சீட்டு என்ற முறை வந்தது. 1993-இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அரபியில் ‘தஸ்ரீஹ்’ எனப்படும் அந்தச் சீட்டில், வேலை, சிகிச்சை, வழிபாடு, விவசாயம் என எதற்காகச் செல்லலாம், எந்தத் தேதிவரை அது செல்லுபடியாகும் என்பவை குறிக்கப்பட்டிருக்கும். அதோடு பச்சை நிற அடையாள அட்டையும், கைரேகை முதலிய விவரங்களுடன் இணைந்த காந்த அட்டையும் வேண்டும். இவற்றில் ஒன்று காலாவதியானாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கொடுமை என்னவென்றால், ‘பாதுகாப்புத் தடை’ எனும் பட்டியலில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், அதற்கான காரணம் அவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தடை இருப்பதையே பலர் அலுவலகச் சாளரத்தின் முன்னோ வாயிலிலோதான் அறிகிறார்கள். என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் மேல்முறையீடு எழுதுவது எப்படி? இத்தகைய மனுக்களை நிரப்பி, எபிரேயத்தில் கடிதம் எழுதி, தேவைப்பட்டால் நீதிமன்றம் வரை கொண்டு செல்லவும் மக்சோம் வாட்ச் பெண்களில் ஒரு குழுவினர் உதவியிருக்கிறார்கள். வேலைச் சீட்டின் கதை வேறு. அது நீண்டகாலம் குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருந்ததால், சீட்டை மட்டும் விற்கும் தரகர்கள் முளைத்தார்கள். மாதந்தோறும் இரண்டாயிரம் ஷெக்கலுக்கு (இஸ்ரேலிய நாணயம்) மேல் அவர்களுக்கு அழுதுவிட்டு வேலைக்குப் போனவர்கள் ஏராளம்.

விவசாயிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். 2002-இல் இஸ்ரேல் எழுப்பத் தொடங்கிய தடுப்புச் சுவரின் பாதையில் ஏறத்தாழ 85 விழுக்காடு, இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் 1949-ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோட்டின் மீது செல்லாமல் மேற்குக் கரைக்குள்ளேயே செல்கிறது. சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே சிக்கிய தம் சொந்தத் தோப்புக்குப் போகவும் உழவர்களுக்குச் சீட்டு வேண்டும். சில வாயில்கள் ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டுமே திறக்கும். 2017-ஆம் ஆண்டு விதிகளில், 330 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கு விவசாயத் தேவை கிடையாது என்று எழுதப்பட்டிருந்தது. தந்தையின் தோட்டத்தைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொருவர் பங்கும் அந்த அளவுக்குக் கீழே போய்விடக்கூடும். பிறகு அவர் விவசாயியே இல்லை. துப்பாக்கி தூக்காமல், ஓர் அளவுகோலைக் கொண்டே ஒருவரை நிலத்திலிருந்து விலக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, அதுவரை சீட்டு வைத்திருந்த பெரும்பாலான தொழிலாளர்களின் அனுமதி ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டது. வரிசையின் நீளத்தை மட்டும் அளந்தால் அது முன்னேற்றம் போலத் தெரியும்.

கேள்வி: இத்தகைய கண்காணிப்பு ஆக்கிரமிப்புக்கு ஒரு நாகரிக முகத்தைத் தருகிறது என்ற விமர்சனம் சரியா?

பதில்: ஓரளவு சரி. வாயிலைச் சற்று முன்னதாகத் திறக்கச் சொல்லும்போது, வாயில் அங்கே இருப்பதை ஏற்றுக்கொண்டதாகிவிடுகிறது. அந்தப் பெண்களிடையே இது குறித்து விவாதம் நடந்திருக்கிறது. இஸ்ரேலில் வேறு சிலரோ, படைவீரர்களின் வேலையில் குறுக்கிடுகிறார்கள் என்று அவர்களைத் தூற்றுகிறார்கள். ஆனால் மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகரில் அரசுகளின் ஒப்புதலோடு 2019 வரை இயங்கிய பன்னாட்டுப் பார்வையாளர் குழுவை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் அறிக்கைகள் சம்பந்தப்பட்ட அரசுகளுக்கு மட்டுமே போயின, மக்கள் பார்வைக்கு வரவில்லை. இஸ்ரேல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தவுடன் குழுவும் வெளியேறிவிட்டது. யாருடைய ஒப்பந்தமும் தேவைப்படாத, எழுதியதைப் பூட்டி வைக்காத பெண்களின் அறிக்கைகளையே நான் மேலாக மதிப்பேன்.

கேள்வி: ஆண்கள் இதில் சேர முடியாதா?

பதில்: மக்சோம் வாட்ச் பெண்களுக்கான அமைப்பு. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய துணைநிற்போர் திட்டத்தில் பல நாடுகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கி, சாவடிகளிலும் விவசாய வாயில்களிலும் இதே பணியைச் செய்து வந்திருக்கிறார்கள்.