எழுபது வயதில் உளவியல் சிகிச்சை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. இளமையிலிருந்தே சட்டென்று கோபம், எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம். ஆளுமைக் கோளாறு என்றார் மருத்துவர். உளவியலாளரிடம் இரண்டு முறை போனவர், 'அந்தப் பிள்ளை வேகமாகப் பேசுது, வீட்டுப்பாடம் வேற' என்று நின்றுவிட்டார். இந்த வயதில் பலன் இருக்குமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இருக்கும். ஆனால் இளையவர்களுக்குத் தைத்த சட்டையை அப்படியே மாட்டக்கூடாது. முதலில் காது, கண், நினைவாற்றல் பரிசோதனை. பாதிப் பேச்சு காதில் விழாதவர்தான் 'ஒத்துழைக்கவில்லை' என்று பெயர் வாங்குவார். (அறுபதுக்குமேல் குணம் புதிதாக மாறினால், மறதி நோயா, தைராய்டா என்று பார்க்கவேண்டும். அம்மாவுடையது பழையது.)

50 நிமிட அமர்வை 35 ஆக்கச் சொல்லுங்கள். ஓர் அமர்வுக்கு ஒரே பயிற்சி. அடுத்த வாரமும் அதுவே. வீட்டுப்பாடமாகத் தரும் கட்டம் கட்டமான தாளுக்குப் பதில் பெரிய எழுத்தில், தமிழில், ஓர் அட்டை: 'கோபமா? மூச்சை மெதுவாக விடு. 10 நிமிடம் கழித்து மகளைக் கூப்பிடு.' கோபம் தணிய ஐஸ் தண்ணீரில் முகம் முக்கும் பயிற்சி மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அது இதயத்துடிப்பைக் குறைக்கும்.

உளவியலாளர் விடுப்பு எடுப்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். திடீரென்றால் 'இவளும் விட்டுவிட்டாள்' என்றாகிவிடும்.

கையை அறுத்துக்கொள்வது மட்டும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்ல. சண்டைக்குப் பிறகு நீரிழிவு மாத்திரையை விழுங்காமல் வைப்பதும், சாப்பிட மறுப்பதும் அதே ரகம்தான். மாத்திரைப் பெட்டியை எண்ணிப் பார்த்து, உளவியலாளரிடம் சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரிந்தே.