காலைச் சர்க்கரை 98, மூன்று மாதச் சராசரி 6.7: எது சரி?

கேள்வி: வெறும் வயிற்றில் சர்க்கரை 98. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.7. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். 98 அன்றைய காலை நிலவரம் மட்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும்; அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை ஹெச்பிஏ1சி அளக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதும் இதில் சேரும். 6.5 முதல் நீரிழிவு என்றாலும், அறிகுறி இல்லாதவருக்கு ஒரே முடிவு போதாது.

முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாக ஏறும். ரத்தப்போக்கு இருந்தால் பொய்யாக இறங்கும்.

ரத்தசோகை இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் 200-ஐத் தொட்டால் நீரிழிவு. முந்தைய 3 நாள் சோற்றைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.