அம்மன் ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறாள்?

மதிப்பிற்குரிய அம்மா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் வைத்தே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது, மகன் ஏழாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

என் அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். "இங்கிட்டு வந்துரும்மா, டெய்லர் வேலை நான் வாங்கித் தர்றேன். பாப்பாவ பிளஸ் ஒன்னுக்கு நல்ல மெட்ரிக் ஸ்கூல்ல சேர்த்து ஃபீஸும் நானே கட்டுறேன்" என்கிறார். தை பிறந்ததும் கிளம்பி வரச் சொல்கிறார். மாமியாரோ "எம்மகன் வாழ்ந்த வீட்டப் பூட்டிப் போட்டுட்டுப் போயிராத தாயி" என்று அழுகிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. வெள்ளை வந்தது. அன்று ராத்திரிதான் நிம்மதி. விடிந்ததும், சரியாக நினைத்துக்கொண்டுதான் கேட்டேனா என்று சந்தேகம். மறுபடி கட்டினேன், சிவப்பு வந்தது. அதற்குப் பிறகு பாண்டி கோயிலிலும் கேட்டேன், வீட்டில் சாமி படத்துக்கு முன்னாலும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. இப்போது பல்லி கத்தினாலும் எந்தத் திசை என்று பார்க்கிறேன். குறி சொல்கிற ஒரு அம்மா, குலதெய்வக் குற்றம் இருக்கிறது, பரிகாரம் செய்தால்தான் வழி தெரியும் என்கிறார்.

நடுராத்திரி முழித்தால் அப்புறம் தூக்கமில்லை. அளவைத் தப்பாகப் பார்த்துத் துணியை வெட்டிவிடுகிறேன். திரும்பத் திரும்பக் கேட்டதால் அம்மனுக்குக் கோபமா? நம்பிக்கை உள்ளவளுக்குச் சந்தேகம் வரலாமா? எனக்கு நம்பிக்கையே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பூவின் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் சரிபாதி வாய்ப்பு. மூன்று முறை எடுத்தால் மூன்றும் ஒரே நிறமாக வர நான்கில் ஒரு வாய்ப்புதான். ஐந்து முறை என்றால் பதினாறில் ஒன்று. எவ்வளவு பக்தியோடு கேட்டாலும், பலமுறை கேட்பவருக்குப் பதில் மாறித்தான் வரும். இதில் அம்மனின் கோபத்துக்கு வேலையே இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்துப் பெரியவர்கள் அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, ஒரே ஒரு தடவை கேட்பது, வந்ததை ஏற்பது. நீங்கள் விசாரணைக்கு முன்பே பூவிடம் போய்விட்டீர்கள். போன இடத்தில் தேடியதும் திருப்பூரா திருமங்கலமா என்பதற்கான பதில் இல்லை. எதிர்காலத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்ற உத்தரவாதத்தைத் தேடினீர்கள். அதைப் பூவால் தர முடியாது.

முதல் பூ வந்ததும் ஒரு ராத்திரி நிம்மதி கிடைத்ததல்லவா? சிக்கலே அங்கேதான். பதற்றம் ஏறும்போது ஒன்றைச் செய்கிறோம், பதற்றம் இறங்குகிறது. 'பயம் வந்தால் இதைச் செய்' என்று மூளை பழகிக்கொள்கிறது. அடுத்த பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது, நிம்மதி இன்னும் கொஞ்ச நேரமே நிற்கிறது. கோயிலில் தொடங்கியது பல்லிச் சத்தம் வரை வந்தது இப்படித்தான். இது உங்கள் பக்தியில் உள்ள குறையல்ல. கணவரை இழந்தபின் எல்லா முடிவையும் தனியாக எடுக்க வேண்டியவருக்கு, தப்பாகிவிட்டால் யார் தாங்குவார் என்ற பயம் இருக்கத்தானே செய்யும்.

நம்பிக்கை இருந்தால் சந்தேகம் வராது என்று யார் சொன்னார்களோ தெரியாது. கீதை முழுவதும் சந்தேகத்தில் பிறந்ததுதான். அத்தனையும் உபதேசித்த பிறகு, பதினெட்டாம் அத்தியாயத்தின் 63ஆம் சுலோகத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம், இதை முழுவதும் ஆராய்ந்து பார்த்து நீ விரும்புகிறபடி செய் என்கிறான். எதிரே நிற்கும் தெய்வமே முடிவை மனிதனிடம் விடுகிறது. தெய்வத்தை நம்பி நடப்பது என்றால் முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாமலே, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு அடி வைப்பதும் நம்பிக்கைதான்.

ஒரு நோட்டை எடுத்து மூன்று பகுதியாகக் கோடு போடுங்கள். தெரிந்தவை, விசாரித்தால் தெரிபவை, யாருக்குமே தெரியாதவை. இப்போது உங்கள் மனதில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. மூன்றாவதை மட்டும் அம்மனிடம் விடுங்கள். இரண்டாவது உங்கள் வேலை. அளவு எடுக்காமல் யாருடைய துணியிலும் கத்தரி வைக்கமாட்டீர்கள் அல்லவா?

அந்த இரண்டாவது பகுதியில்தான் நிறைய இருக்கிறது. உங்கள் தையல் வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டி வகுத்துப் பாருங்கள். முகூர்த்த மாதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஆடியிலும் மார்கழியிலும் தையல் படுத்துவிடும். நூல், லைனிங், ஊக்கு, கரண்ட் பில்லைக் கழியுங்கள். திருப்பூர் பக்கம் அண்ணனிடம் கேட்க வேண்டியவை: சம்பளம் ஷிப்ட் கணக்கா, பீஸ் ரேட்டா? தினமும் ஒன்றரை ஷிப்ட் நிற்க வேண்டுமா? ஆர்டர் இல்லாத மாதத்தில் என்ன கிடைக்கும்? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா? இருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்கும், சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்கும் பிடிப்பார்கள். கையில் வருவது குறையும், ஆனால் மருத்துவமும் சேமிப்பும் இருக்கும். நீங்கள் பழகியது சாதா மெஷின். பனியனுக்கு ஓவர்லாக், பேட்லாக் (ஃபிளாட்லாக்) என்ற வேறு வகை மெஷின்களை ஓட்ட வேண்டும். பழகும் காலத்தில் என்ன சம்பளம் என்பதையும் கேளுங்கள். அப்புறம் வீட்டு வாடகை, அட்வான்ஸ். மாமியார் உங்களோடு வருவாரா, இங்கே இருந்தால் யார் பார்ப்பார் என்பதை அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள்.

மகள் விஷயத்தில் அண்ணன் அன்பாகச் சொல்லும் ஒரு யோசனை நட்டத்தில் முடியலாம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளிலும் அந்த ஒதுக்கீடு உண்டு. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தால் தகுதி போய்விடும். திருப்பூர் போனாலும் அங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தால் தகுதி தொடரும். பொதுத்தேர்வுக்கு முன்னால், தையில், பத்தாவது படிக்கும் பிள்ளையை எந்த ஊருக்கும் நகர்த்த வேண்டாம். மே மாதம் ரிசல்ட் வந்தபின் டி.சி. வாங்கினால் மகனுக்கும் வசதி.

பொங்கல் லீவில் பிள்ளைகளோடு போய் நாலு நாள் தங்குங்கள். கம்பெனியையும், வாடகைக்குக் கிடைக்கும் வீட்டையும், பள்ளிக்கூடத்தையும் கண்ணால் பாருங்கள். மே மாதத்தில் ஒரு தேதியை முடிவுத் தேதி என்று காலண்டரில் எழுதுங்கள். அதுவரை பூ இல்லை, குறி இல்லை. கட்டிப் பார்க்கத் தோன்றினால் முப்பது நிமிடம் தள்ளிப்போடுங்கள், முடிந்ததும் இன்னொரு முப்பது. பதற்றம் ஏறும், பிறகு தானே இறங்கும். முதல் வாரம்தான் கஷ்டம். "எல்லாம் சரியா வரும்ல?" என்று மகளிடமும் அண்ணனிடமும் கேட்டுக்கொண்டே இருப்பதும் பூக்கட்டுவது போலத்தான், அதையும் குறையுங்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். வேண்டுதலை மட்டும் மாற்றுங்கள். 'எதைச் செய்யட்டும், சொல்' என்பதற்குப் பதிலாக 'எதைச் செய்தாலும் தாங்கும் தெம்பு கொடு' என்று கேளுங்கள்.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஆசையிருந்தால் வையுங்கள். அதையும் திருப்பூரையும் முடிச்சுப் போடாதீர்கள். பரிகாரத்துக்கு இப்போது ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

தூக்கத்துக்கு: மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். சாயங்காலம் இருபது நிமிடம் ஒதுக்கி, கவலைகளை எல்லாம் அந்த நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். இரவில் முழித்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், மணி பார்க்காதீர்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் தள்ளிப்போடாமல் உடனே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அண்ணனிடம் இன்றே பேசிவிடுங்கள். "பாப்பா பரீட்சை முடியட்டும்ண்ணே. பொங்கலுக்கு வந்து எல்லாத்தையும் பார்த்துட்டு மே மாசம் முடிவு சொல்றேன்." இவ்வளவு போதும். மாமியாரிடமும் இதே தேதியைச் சொல்லுங்கள்.