ஔவையின் பெயரில் உள்ளவை

அன்புள்ள ஐயா,

ஔவையார் பாடல்களையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்த தொகுப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஆத்திசூடியில் தொடங்கி, விநாயகர் அகவல், ஔவைக்குறள் என்று போய்ச் சங்கப் பாடல்களில் முடிகிறது. அதியமான் தந்த நெல்லிக்கனியால் பல நூற்றாண்டு வாழ்ந்தவர் என்கிறது முன்னுரை. நண்பரோ ஔவை மூவர் என்று சாதிக்கிறார். ஒரே ஆள் பலவிதமாக எழுதியிருக்கக் கூடாதா? இல்லையென்றால், மற்றவர்கள் ஏன் அந்தப் பெயரில் எழுதினார்கள்? அது ஏமாற்று இல்லையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஒரே ஆள் பலவிதமாக எழுதலாம், தாராளமாக. சுஜாதாவைப் பாருங்கள். கணேஷ்–வசந்த் கதைகள், அறிவியல் கேள்வி பதில், நாடகம், புறநானூற்றுக்கு எளிய அறிமுகம், எல்லாம் ஒரே கை. ஆயிரம் ஆண்டு கழித்து இவை ஓர் ஆய்வாளரிடம் அகப்பட்டால் குறைந்தது மூன்று சுஜாதா என்பார். மூவரும் பெண்கள் என்று அடிக்குறிப்பும் போடுவார். நடை வேறு, பொருள் வேறு என்பதை மட்டும் வைத்து ஆளைப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஔவை விஷயத்தில் அந்த மாதிரி வாதம் நிறைய உண்டு. அதியமான் இறந்தபின் பாடிய புறநானூறு 235இல் "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்கிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான். எலும்பும் கறியுமாய் இருக்கிற இடத்திலெல்லாம் எங்களுக்கே கொடுப்பான். அம்பும் வேலும் நுழைகிற இடத்திலெல்லாம் தான் நிற்பான். கொன்றைவேந்தனைத் திறந்தால் "நோன்பென்பது கொன்று தின்னாமை". கள்ளும் கறியும் உண்டவர் இதை எழுதுவாரா என்று கேட்பார்கள். ஏன் எழுதக் கூடாது? வயதான பிறகு விரதம் பிடித்தவர்கள் ஊரில் இல்லையா?

எனக்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் தொகுப்பில் நல்வழியின் 40ஆம் வெண்பாவை எடுத்துப் பாருங்கள். "தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும் முனிமொழியும்" என்று தொடங்கித் திருக்கோவையார், திருவாசகம், திருமூலர் வரை அடுக்கி, எல்லாம் ஒரு வாசகம் என்று உணரச் சொல்கிறது. மூவர் தமிழ் என்றால் தேவாரம். சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டு. மாணிக்கவாசகரைப் பலரும் 9ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். இந்த வெண்பாவைப் பாடியவர் அவர்களுக்கும் பிந்தியவர். அதியமானோ சங்க காலத்துக் குறுநில மன்னன். விநாயகர் அகவலும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடே கிடையாது. அகவலோ "மூலாதாரத்தின் மூண்டெழு கனலை" எழுப்பும் யோகம் பேசுகிறது. இதே யோகத்தைப் பேசும் ஔவைக்குறள் 310 குறளையும் அதன் பக்கத்தில் வைக்கலாம். நெல்லிக்கனியை நம்பினால் ஒழிய இவர்களை ஓராள் ஆக்க வழியில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணும் வேலையில் நான் இறங்கவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்ற நீதிநூல்கள் நான்கும் ஒருவருடையவைதானா என்பதிலேயே அந்த எண்ணிக்கை சிக்கிக்கொள்ளும்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். ஏட்டுச் சுவடிக்கு அட்டை கிடையாது, பதிப்புரிமை கிடையாது. மருத்துவமோ ரசவாதமோ எழுதியவர் அகத்தியர் பெயரில் விட்டால்தான் அது கைமாறிப் படி எடுக்கப்படும். அதனால்தான் மிகவும் பிற்காலத் தமிழில் அத்தனை அகத்தியர் நூல்கள். கபிலர் கதை வேறு. குறிஞ்சிப்பாட்டுக் கபிலர், இன்னா நாற்பதின் கபிலர், பதினொராம் திருமுறையின் கபிலதேவ நாயனார் ஆகியோர் பெயர் ஒத்துப்போனவர்கள். இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. "செம்புலப் பெயல்நீர் போல" எழுதியவரின் பெயர் தொலைந்துபோக, அந்த உவமையையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். தன் பெயரை விட்டுவிட்டு ஔவை பெயரில் பாடியவருக்கு இதில் என்ன லாபம்? பாட்டு பிழைத்தது, அவர் பிழைக்கவில்லை. ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நஷ்டப்பட்டவர் ஒருவர் உண்டு, சங்க ஔவை. அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டது 1894இல். குறுந்தொகை அச்சுக்கு வந்தது 1915இல். அதற்கு வெகுகாலம் முன்பே திண்ணைப் பள்ளிக்கூடங்கள் கோலூன்றிய பாட்டியைப் பிள்ளைகள் மனத்தில் உட்கார வைத்துவிட்டன. 1953 திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடியபின் அந்த உருவம் அசைக்க முடியாததாயிற்று. புறம் 89இல் பகையரசன் "வாள்நுதல் விறலி" (ஒளிரும் நெற்றியுடைய ஆடல் பாடல் மகளே) என்று விளித்து, உங்கள் நாட்டில் போர்செய்வார் உண்டா என்று கேட்கிறான். பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமைப் பறையில் காற்று மோதி ஒலித்தாலே "அது போர்" என்று எழுபவன் எங்கள் தலைவன் என்று பதில் வருகிறது. (பாட்டில் பேசும் விறலியே புலவர் என்று சத்தியம் செய்ய முடியாதுதான். பாட்டி என்பதற்கும் அங்கே ஆதாரமில்லை.) குறுந்தொகை 28இல் தலைவி "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று கொதிக்கிறாள். தன் நோய் அறியாமல் தூங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, ஆஅ ஒல் என்று கத்துவதா என்று தெரியவில்லை அவளுக்கு. "ஆறுவது சினம்" படித்த காதுக்கு இந்தக் குரல் எட்டுவதேயில்லை.

தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலிருந்து படியுங்கள். புறத்தைவிடக் குறுந்தொகைப் பாடல்கள் பதினைந்தை முதலில் முடித்துவிடலாம், சின்னவை. முன்னுரையைக் கடைசியில் பார்த்தால் போதும்.